நோயற்றவனுக்கு வைத்தியச் சோதனை

நாற்பது வயதைக் கடந்த தொழிலாளி ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரு முறை முதலாளி தம் சொந்தச் செலவில் வைத்தியச் சோதனை செய்விக்க வேண்டும் என்பது, 2025-ஆம் வருஷம் நவம்பர் 21-ஆம் தேதி அமலுக்கு வந்த புதிய தொழிற் சட்டங்களின் நன்மைகளில் ஒன்றாக மத்திய சர்க்காரின் அறிக்கையில் எடுத்துரைக்கப்பட்டது. இதைப் படித்தவர்கள் ஒருவரும் ஆட்சேபம் சொல்லவில்லை. சோதனை இலவசம், செலவு முதலாளியுடையது, லாபம் தொழிலாளியின் தேகத்துக்கு. இதில் சண்டையிட என்ன இருக்கிறது என்றே நாமும் முதலில் எண்ணினோம். ஓசூருக்குப் போய் வந்த பிறகு அவ்வெண்ணம் மாறிற்று.

ஒரு வழக்கு நிமித்தமாக அங்கே சென்றிருந்தபோது, சிப்காட் பகுதியில் உதிரிபாகங்கள் அடிக்கும் ஆலை ஒன்றின் தொழிலாளர் சிலர் மாலையில் நம்மைக் காண வந்தார்கள். அவர்களுள் ஒருவருக்கு வயது நாற்பத்தாறு. பிரஸ் யந்திரத்தில் இருபது வருஷம் நின்றவர். இச்சோதனையைப் பற்றி நாம் உற்சாகமாய்ப் பேசத் தொடங்கியதும் அவர் முகம் சுருங்கிற்று. "ஐயா, எனக்கு ஒரு வியாதியும் இல்லை. தூங்குகிறேன், சாப்பிடுகிறேன், ராத்திரி ஷிப்டும் பார்க்கிறேன். ரத்தத்தை எடுத்துப் பார்த்துச் சர்க்கரை இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது என்று கம்பெனிக் காகிதத்தில் எழுதிவிட்டால், அப்புறம் என்னை யார் வைத்துக்கொள்வார்கள்? வாசலில் இருபது வயதுப் பையன்கள் நிற்கிறார்கள்" என்றார். நாம் சட்டம் பேசினோம். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார், நம்பியதாகத் தோன்றவில்லை.

அவருடைய அச்சத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நோவு ஒன்றும் அறியாத மனிதன் நடுவயதில் தன் தேகத்தைச் சோதித்துக்கொள்வதால் உண்மையிலேயே பயன் உண்டா என்பது ஒன்று. சோதித்து அறிந்ததை யார் கையில் கொடுப்பது என்பது மற்றொன்று. முதலாவது வைத்தியருடையது, இரண்டாவது வக்கீலுடையது என்று பிரித்துவிடலாம் போலத் தோன்றும். பிரித்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். முன்கூட்டிப் பார்த்தால் முன்கூட்டித் தடுக்கலாம் என்பது யாவரும் ஒப்பும் வாக்கு. ஒப்பும் வாக்கு என்பதனாலேயே அதைச் சோதித்துப் பார்த்தவர் வெகு காலம் வரையில் அதிகம் இல்லை. டென்மார்க்கு தேசத்தில் கோபன்ஹேகன் நகரின் மேற்குப் புறத்தில் 1999-ஆம் வருஷம் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில், முப்பது முதல் அறுபது வயது வரையுள்ள 59,616 பேரை இரு பங்காக்கி, ஒரு பங்கினரை மட்டும் சோதனைக்கு அழைத்தார்கள். வெறும் சோதனையோடு விடவில்லை. அபாயம் மிகுந்தோருக்கு ஐந்து வருஷம் புத்திமதியும் சொல்லிவந்தார்கள். பத்து வருஷம் சென்று கணக்குப் பார்த்தபோது, மாரடைப்பிலோ மரணத்திலோ இரு பங்கினருக்கும் வித்தியாசம் காணவில்லை. இம்முடிவு 2014-ல் வெளியாயிற்று. இதுபோன்ற ஆராய்ச்சிகள் பலவற்றை ஒன்றுதிரட்டி 2019-ல் காக்ரேன் ஸ்தாபனத்தார் வெளியிட்ட மதிப்புரை 2,51,891 பேரைப் பற்றியது. பொதுவான வைத்தியச் சோதனையால் மொத்த மரணம் குறைந்ததாக அதிலும் தெரியவில்லை.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் இந்தச் சோதனையெல்லாம் வெறும் வேஷம்" என்று எழுந்து போய்விடுவது சுலபம். நம் நண்பர்கள் சிலர் அப்படியே செய்கிறார்கள். சுருட்டுப் பிடிப்பதற்கு அவர்களுக்கு இது நல்ல ஆதாரமாகவும் அமைந்துவிட்டது. ஆனால் வழக்கில் சாட்சியின் வாக்குமூலத்தை எடுத்துக்கொள்ளுமுன் அவன் எங்கிருந்து பார்த்தான் என்று கேட்பது நம் தொழில். அந்த டேனிஷ்காரர்களில் சோதனைக்கு அழைக்கப்படாத பங்கினர் யார்? குடும்ப வைத்தியர் ஒருவரைத் தமக்கென்று உடையவர்கள். இருமலுக்குப் போனாலும், முதுகுவலிக்குப் போனாலும் அவ்வைத்தியர் கையோடு ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுகிறார். அதாவது, சோதனையில்லாத பங்கினரும் ஓரளவு சோதிக்கப்பட்டவர்களே. அவர்களோடு ஒப்பிட்டு, தனிச் சோதனையால் மேலும் பயன் உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்று விடை வந்தது.

நம் பிரஸ் யந்திரத் தொழிலாளிக்குக் குடும்ப வைத்தியர் எங்கே இருக்கிறார்? காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்குகிறார். கடைக்காரர் அழுத்தம் பார்ப்பதில்லை. 2020-ல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட சர்வேயின்படி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது நூற்றுக்கு 7.3 பேருக்கே, நீரிழிவுள்ளவர்களில் 10.8 பேருக்கே. மற்றவர்களில் ஒரு சாரார் தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள். மற்றொரு சாரார் அறிந்தும் மருந்தை நிறுத்திவிட்டவர்கள். இவ்விரு வியாதிகளும் வருஷக்கணக்கில் வாய் திறவாதவை. கண், மூத்திரக்காய், இருதயம், மூளை என்று உள்ளே அரித்துவிட்டு ஒரு நாள் பக்கவாதமாகவே முகத்தைக் காட்டுபவை. கோபன்ஹேகனில் தேவையற்றதாய்ப் போனது ஓசூரிலும் தேவையற்றது என்று சொல்ல நாம் துணியமாட்டோம்.

ஆகவே, எல்லாவற்றையும் பார் என்பதும் பிழை, ஒன்றையும் பாராதே என்பதும் பிழை என்றாகிறது. எதைப் பார்ப்பது? கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்ப்பது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பது. இவற்றுக்குச் செலவு சொற்பம். கண்டுபிடித்தால் கொடுக்கும் மருந்தும் மலிவு. அம்மருந்தால் பக்கவாதமும் மாரடைப்பும் குறைவது ஐயமறத் தெரிந்தது. ஒரே தரம் அளந்து ஒருவனை நோயாளியாக்கிவிடக் கூடாது என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். வைத்தியரைக் கண்டதும் ஏறுகிற அழுத்தம் வீட்டுக்கு வந்ததும் இறங்குவதுண்டு. வேறு வேறு நாட்களில் அளந்த பின்பே முடிவு சொல்வது முறை.

மூன்றாவது, வாய். திருவனந்தபுரத்தில் 1996-ல் ஆரம்பித்துப் பல்லாயிரம் பேரிடம் நடந்த பரீட்சையில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததன்றி வேறொன்றும் செய்யவில்லை. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் மரணம் நூற்றுக்கு 34 பங்கு குறைந்ததென்று 2005-ல் வெளியிட்டார்கள். நம் ஆலைகளில் ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராதிருக்கப் புகையிலைத் தூளைக் கடைவாயில் அடக்கிக்கொள்ளும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு விளங்கும். வருஷாந்தரச் சோதனை என்று இருபது குழாய்களில் ரத்தம் எடுக்கிறவர்கள் வாயைத் திறந்து பார்ப்பதில்லை.

நான்காவது ஸ்திரீகளைப் பற்றியது. இதை நம் ஆடவர் கூட்டங்களில் பேசக் கூசுகிறார்கள்; கூசிப் பயனில்லை. திண்டுக்கல் ஜில்லாவில் 2000-ஆம் வருஷம் தொடங்கி, முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களைக் கிராமம் கிராமமாகச் சேர்த்து, நர்ஸுகள் நீர்த்த காடியைத் தடவிக் கருப்பை வாயைப் பார்த்தார்கள். சோதனைக்குரிய பங்கில் இருந்தவர் 49,311 பேர். ஒரே ஒரு தரம் பார்த்ததில் கருப்பை வாய்ப் புற்றால் மரணம் 35 சதவீதம் குறைந்தது. 2007-ல் இது வெளிவந்தபோது உலகத்தின் பல தேசங்கள் திண்டுக்கல்லைத் திரும்பிப் பார்த்தன. நம் தமிழ்நாட்டு நர்ஸுகள் காடிக் குப்பியைக்கொண்டு நிலைநாட்டிய உண்மையை நாமே மறந்துவிட்டு, வெளிநாட்டு யந்திரத்தின் படத்தைக் கண்டு மயங்குகிறோம்.

நிற்க. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போகிற சாலையில் இரு மருங்கிலும் நிற்கும் விளம்பரப் பலகைகளை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். எல்லைக்கு அப்பால் பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிகள். இப்பால் சம்பளம் வாங்கும் ஆலை உத்தியோகஸ்தர்கள். "எழுபது சோதனை, இத்தனை ரூபாய், மனைவிக்குப் பாதி விலை." மாஸ்டர் செக்அப் என்பது இப்போது ஜவுளிக்கடைத் தள்ளுபடியைப் போல் விற்கப்படுகிறது. இதில் ஒரு கணக்கை மட்டும் வாசகர்கள் போட்டுப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான நூறு பேரில் நடுவிலுள்ள தொண்ணூற்றைந்து பேருக்கு வரும் அளவையே சரியான அளவு என்று வைத்துக்கொள்வது ஆய்வுக்கூடங்களின் பொதுவழக்கம். எனவே ஒரு சோதனையில் நோயற்றவன் தவறுவதற்கு நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இருபது சோதனைகளைச் செய்தாலோ, யாதொரு நோயுமில்லாதவன் ஏதேனும் ஒன்றிலாவது தவறுவதற்கு நூற்றுக்கு 64 வாய்ப்பு. எழுபதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முழு ஆரோக்கியத்தோடு உள்ளே போனவன் அப்படியே வெளியே வருவது அதிசயம்.

நம் சக வக்கீல் ஒருவர், வயது நாற்பத்தெட்டு, இப்படி ஒரு சோதனைக்குப் போனார். காகிதத்தில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் வந்தன. அதற்காக ஸ்கான், ஸ்கானில் கழுத்திலே சிறு முடிச்சு, முடிச்சுக்கு ஊசி, ஊசியில் தெளிவில்லை என்று மறுபடி ஊசி. நாலு மாதம் அவர் கோர்ட்டில் எழுந்து நின்று பேசும்போது கை தானாகக் கழுத்துக்குப் போகும். முடிவில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்பதற்கு அவர் கொடுத்த தொகையில் நம் அச்சுக்கூடத்துக்கு இரண்டு மாதக் காகிதம் வாங்கலாம்.

அவர் அதிர்ஷ்டசாலி. தென் கொரியாவில் இது தேசம் முழுவதும் நடந்தது. அங்கே 1999-ல் தேசியச் சோதனைத் திட்டம் வந்தது. கழுத்துச் சுரப்பியைப் பார்ப்பது அத்திட்டத்தில் இல்லை. ஆயினும் கொஞ்சம் பணம் கூடுதலாகக் கொடுத்தால் அதையும் பார்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொண்டன. 2011-ல் தைராய்டுப் புற்று என்று கண்டுபிடிக்கப்பட்டோர் விகிதம் 1993-ல் இருந்ததைப்போல் பதினைந்து மடங்கு. அவ்வொரு வருஷத்தில் மட்டும் 40,000 பேருக்கு மேல். அந்நோயால் இறந்தோர் தொகையோ ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் சத்திர சிகிச்சை நடந்தது. ஆயுள் முழுதும் மாத்திரை. சிலருக்குக் குரல் போயிற்று. சாகும்வரை ஓசைப்படாமல் கழுத்தில் கிடந்திருக்க வேண்டிய முடிச்சுகளை வெளியே இழுத்து, இத்தனை பேரையும் நோயாளிகளாக்கியதுதான் மிச்சம்.

1968-ல் வில்சன், யுங்னர் என்னும் இருவர் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு எழுதித் தந்த சிறு நூல் ஒன்று உண்டு. நோயைத் தேடிப் போகுமுன் பார்க்க வேண்டிய பத்து நியதிகளை அதில் வகுத்தார்கள். கண்டுபிடிக்கும் நோய்க்குச் சிகிச்சை இருக்க வேண்டும், அச்சிகிச்சை கிடைக்கவும் வேண்டும், தேடல் ஒரு நாள் திருவிழாவாக இல்லாமல் தொடர்ந்து நடக்க வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நமக்கு வழிகாட்டி பெங்களூர்ப் பலகைகளில் இல்லை. கிருஷ்ணகிரி ஜில்லாவிலேயே இருக்கிறது. 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ஆம் தேதி, மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தை அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்த இடம் இந்த ஜில்லாவின் சாமனப்பள்ளிக் கிராமம். கிராமத்துப் பெண்களே ஊழியராக அமர்ந்து வீடு வீடாகச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் அளப்பது, மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது, அடுத்த மாதமும் வருவது என்பது அதன் முறை. 2024-ல் ஐக்கிய நாடுகளின் விருது ஒன்றும் இதற்குக் கிடைத்தது. குறைகள் உண்டு. மாத்திரை தட்டுப்பட்ட மாதங்களைப் பற்றிக் கிராமத்தார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயினும் அளந்து பார்த்தவளே மறுமாதம் மருந்தோடு வருகிறாள் என்ற ஒரு காரியத்துக்கு எழுபது சோதனைக் காகிதம் ஈடாகாது. அவள் பகலில் கதவைத் தட்டும்போது தொழிலாளி ஆலைக்குள் இருக்கிறான் என்பதே இம்முறையின் பெரிய ஓட்டை. புதிய சட்டம் அடைக்க வேண்டியது அந்த ஓட்டையைத்தான்.

இனி இரண்டாவது கேள்வி. 2020-ஆம் வருஷத்துத் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பின் 6-ஆவது பிரிவு, வருஷாந்தரச் சோதனையை இலவசமாகச் செய்விப்பதை முதலாளியின் கடமையாக்குகிறது. எந்தத் தொழிலாளருக்கு, என்னென்ன சோதனை என்பதை விதிகளுக்கு விட்டுவிடுகிறது. ஓசூரிலுள்ள தனியார் ஆலைகளுக்கு இவ்விதிகளை வகுக்க வேண்டியது மாநில சர்க்கார். சட்டத்தைப் புகழ்ந்தோ இகழ்ந்தோ தீர்மானம் போடுகிற நம் தொழிற்சங்கத்தார் கவனிக்க வேண்டிய இடம் இந்த விதிகளே. யந்திரசாலை வாசலில் யாரோ ஓர் ஆய்வுக்கூடத்தானைக் கூப்பிட்டு, மலிவான குத்தகைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லி, காகிதங்களை ஆள் நிர்வாக இலாகாவின் பீரோவில் பூட்டிவைத்தால் சட்டம் நிறைவேறிவிட்டதென்று முதலாளி சொல்லக் கூடும். நம் நாற்பத்தாறு வயதுக்காரரின் அச்சம் அந்தப் பீரோவைப் பற்றியது.

அவர் அச்சத்தை அறியாமை என்று தள்ளுவதற்கில்லை. 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். தொடர்ந்த நோயின் காரணமாக ஒருவனை வேலையிலிருந்து நீக்கினால், அது ஆட்குறைப்பு ஆகாது என்று அதன் 2-ஆம் பிரிவிலேயே விலக்கு வைத்திருந்தது. ஆட்குறைப்பு ஆகாதென்றால் அதற்குரிய நஷ்ட ஈடும் இல்லை. எழுபது வருஷத்துக்கு மேல் இச்சட்டத்தின் கீழ் வேலை செய்த தொழிலாளர் குடும்பங்களுக்கு, டாக்டர் எழுதும் ஒரு வரி சோற்றுக்கு உலை வைக்கும் என்பது அனுபவ பாடம்.

ஆயின் மறு பக்கமும் சட்டத்திலேயே இருக்கிறது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகமாக வேலை செய்துவந்த கூலித் தொழிலாளி ஒருவரை, ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது சோதனையில் தெரிந்ததும் நீக்கினார்கள். வேலைக்குத் தகுதியுள்ளவனை, பிறருக்கு அபாயம் விளைக்காதவனை, சோதனை முடிவு ஒன்றையே காரணமாக்கி ஒதுக்கலாகாது என்று பம்பாய் ஹைகோர்ட்டு 1997-ல் தீர்ப்பளித்தது. அக்கிருமிக்கே அந்த நியாயமானால், சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் கேட்க வேண்டுமா? இன்னொன்று: போபால் விபத்துக்குப் பின் 1987-ல் பாக்டரிச் சட்டத்தில் சேர்த்த 41-சி பிரிவு, ரசாயன விஷங்களில் வேலை செய்வோருடைய தேகநிலைப் பதிவேடுகளைத் தொழிலாளியே பார்க்க வழிசெய்தது. தேகம் தொழிலாளியினுடையது, அதைப் பற்றிய ஏடும் அவனுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்துக்குப் புதிதன்று.

எனவே விதிகளில் நாம் கேட்க வேண்டியவை இவை. சோதனை முடிவு தொழிலாளியின் கையில் மட்டும் கொடுக்கப்பட வேண்டும். முதலாளிக்குப் போவது "சோதனை நடந்தது" என்ற ஒரு வரியோடு நிற்க வேண்டும். முடிவைக் காட்டி வேலைநீக்கமோ, வேலை மாற்றமோ, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுப்பதோ கூடாதென்று வெளிப்படையாக எழுத வேண்டும். சோதனைப் பட்டியலில் நாம் மேலே சொன்ன சிலவும், அந்தந்தத் தொழிலுக்குரியவையும் இருந்தால் போதும். பிரஸ் யந்திரத்தில் நிற்பவனுக்குக் காது. கிருஷ்ணகிரிக் கருங்கல் பட்டறையில் தூசு குடிப்பவனுக்கு நுரையீரல். இவை வயதைப் பார்த்து வருவன அல்ல. இருபத்தைந்து வயதுக்காரனுக்கும் இச்சோதனை வேண்டும். நோய் கண்டால் மருந்து எங்கே கிடைக்கும், மாதாமாதம் யார் பார்ப்பார் என்பதைச் சீட்டிலேயே குறிக்க வேண்டும். மருந்து வாங்கப் போகும் நேரத்துக்குச் சம்பளப் பிடித்தம் கூடாது. எழுபது சோதனைகளை இருபதாகக் குறைத்து மிச்சமாகும் பணத்தில் இதைச் செய்யலாம்.

பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைகள் பொதுவாக இத்தொகுப்புக்குப் புறம்பே நிற்கின்றன. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்து வாழும் அத்தகைய லேத்துப் பட்டறைகள் ஓசூரின் தெருக்களில் எத்தனை! அங்கே முதலாளியே லேத்தில் நிற்கிறார். அவருக்கே வயது ஐம்பது. பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் காண்டிராக்டர் மூலம் வந்து ஆறு மாதத்துக்கொரு ஆலை மாறுகிறவர்களுக்கு வருஷாந்தரம் என்ற சொல்லுக்கே பொருளில்லை. இவர்களுக்கு ஆலை வாசலில், ஷிப்டு மாறும் நேரத்தில், சர்க்கார் ஊழியரே பட்டையோடு வந்து நிற்பதைத் தவிர வேறு வழி நமக்குத் தோன்றவில்லை. சாமனப்பள்ளியின் வீட்டு வாசல்களில் முடிந்தது சிப்காட் வாசலில் முடியாதா?

நமக்கும் நாற்பது கடந்து சில வருஷங்கள் ஆயின. இதை எழுதத் தொடங்குமுன், ஊருக்கு உபதேசிக்கிறவன் தானும் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று, நம் தெருவிலுள்ள சர்க்கார் சுகாதார நிலையத்துக்குப் போய்க் கையை நீட்டினோம். நர்ஸம்மாள் அளந்து, 148-க்கு 94 என்றார். தலைவலி உண்டா, மயக்கம் உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றோம். "ஒன்றும் இருக்காது. செவ்வாய்க்கிழமை வந்து மறுபடி பாருங்கள்" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டு நம் சட்டைப்பையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நாளை மறுநாள்.